வாசற்படியின் உயரம்

(கடலூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அரங்கின் தரை கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது? மாணவர்கள் சிலர் கைபேசியை எடுப்பது தெரிகிறது. எடுத்துப் பாருங்கள். செயற்கைக்கோள் கணக்கிட்ட உயரத்தைத் திருத்தாமல் காட்டும் செயலி உங்களிடம் இருந்தால், கழித்தல் குறியோடு எண்பதுக்கும் மேற்பட்ட ஓர் எண் வரும். அதை நம்பினால் நாம் எல்லோரும் கடலுக்கு அடியில் எண்பது மீட்டர் ஆழத்தில் இருக்கிறோம்.

கருவியில் பழுது ஏதும் இல்லை. ஜி.பி.எஸ். பூமியை ஒரு சீரான, சற்றே தட்டையான உருண்டையாக எடுத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரத்தைச் சொல்கிறது. கடலோ ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டது. ஈர்ப்பு கூடிய இடத்தில் மேடாகவும் குறைந்த இடத்தில் தாழ்வாகவும் நிற்கும். உலகத்திலேயே கடற்பரப்பு மிகத் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல், அந்தக் கணித உருண்டையைவிடச் சுமார் 106 மீட்டர் கீழே நிற்கிறது. தமிழ்நாட்டின் கடற்கரை முழுவதும் அந்தத் தாழ்வின் சரிவில்தான் இருக்கிறது. எனவே செயற்கைக்கோள் தரும் உயரத்தை நம் கடலின் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் இங்கே ஒரு வெள்ள வரைபடமும் வரைய முடியாது.

கணக்கு வழக்கோடு ஏன் ஆரம்பித்தேன் என்றால், வெள்ள அபாய வரைபடம் என்று நாம் சொல்வது கடைசியில் உயரத்தைப் பற்றிய ஒரு வாக்குமூலம். தண்ணீர் இந்த மட்டத்துக்கு வரும், உங்கள் வாசற்படி அதற்கு மேலே இருக்கிறது அல்லது கீழே இருக்கிறது. அவ்வளவுதான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எத்தனை வண்ணம் தீட்டினாலும் அடியில் இருப்பது இந்த ஒரே கேள்வி. வாசற்படியின் உயரம் தெரியாமல் வரைந்த வரைபடத்தை அதிகாரிகளும் நம்பக் கூடாது, நீங்களும் நம்பக் கூடாது. இதைத்தான் இன்று சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

இந்தியத் துணைக்கண்டத்தை முறையாக அளக்கும் வேலை தொடங்கியதே நம் கடற்கரையில்தான். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோடு அளந்தார். சுமார் 12 கிலோமீட்டர். இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவைக்கு அந்தக் கோடுதான் அடிப்படை. பெரும்பாக்கத்தை ஒட்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. நாடு முழுவதையும் அளக்கப் புறப்பட்ட இடத்தின் பக்கத்திலேயே, பின்னாளில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று பார்க்காமல் வீடு கட்டினோம். அளவை முறையில் குறையில்லை. கட்டடத்துக்கு அனுமதி தரும் மேசைக்கு அந்த அளவு போய்ச் சேரவில்லை.

உயரத்தின் கதை அதற்குப் பிறகு வந்தது. 1909-இல் நிறைவு பெற்ற இந்தியாவின் முதல் மட்ட அளவை வலைக்கு ஒன்பது துறைமுகங்களின் அலையேற்றப் பதிவுகளை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் நாகப்பட்டினமும் சென்னையும் உண்டு. பல ஆண்டுகள் கடல் ஏறி இறங்கிய அளவைச் சராசரி பார்த்து, அதைச் சுழியம் என்று வைத்து, அங்கிருந்து கல் கல்லாக நட்டு உள்நாட்டுக்கு உயரத்தைக் கொண்டு போனார்கள். பழைய ரயில் நிலையப் பலகைகளில் கடல்மட்ட உயரம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொதுமக்கள் கண்ணில் படும்படி உயரத்தை எழுதி வைக்கும் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அது ஏன் ரயில் நிலையத்தோடு நின்றது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது விண்வெளிக்குப் போவோம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி வந்து ரேடார் கொண்டு நிலத்தின் உயரத்தை அளந்தது. அந்தத் தரவு பின்னர் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. ஏழை நாடுகளின் கடற்கரைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதப்பட்ட வெள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் எழுதப்பட்டன. அது பெரிய கொடை. அதற்கு ஒரு குறையும் உண்டு. அந்த ரேடார் தரையைத் தொடவில்லை. மரத்தின் தலையையும் வீட்டின் கூரையையும் பெருமளவு தரை என்றே எடுத்துக்கொண்டது. நம் கடற்கரையில் என்ன இருக்கிறது? சவுக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, நெருக்கமான குடியிருப்பு. எங்கே மக்கள் அதிகமோ, எங்கே மரம் அதிகமோ, அங்கே நிலம் உண்மையைவிட உயரமாகத் தெரிந்தது. ஆபத்து அதிகமுள்ள இடத்தில் பிழையும் அதிகம்.

2019-இல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பிழையைத் திருத்தி மீண்டும் கணக்கிட்டார்கள். கடலோரத் தாழ்நிலங்களில் பழைய தரவு சராசரியாக ஏறத்தாழ 2 மீட்டர் கூட்டிக் காட்டியது தெரிந்தது. திருத்திய பிறகு, கரியமில வாயு வெளியேற்றம் குறைந்தாலும்கூட 2100-இல் கடலின் உயர் ஏற்றக் கோட்டுக்குக் கீழே வரக்கூடிய நிலத்தில் இன்று வசிப்பவர்கள் சுமார் 19 கோடிப் பேர் என்று ஆனது. பழைய தரவு சொன்னதைப் போல மூன்று மடங்கு. கடல் அதே கடல், மக்களும் அதே மக்கள். தரையை எங்கே வைத்தோம் என்பதுதான் மாறியது.

2 மீட்டர் என்றால் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேல். மலைநாட்டில் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. ஆயிரம் மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவிரிக் கழிமுகத்தில் அதைவிடத் தட்டையான நிலம் உண்டு. அங்கே உயரத்தில் 2 மீட்டர் தவறினால் வெள்ளக் கோடு 2 கிலோமீட்டர் தள்ளிப் போகும். அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், நாலு குப்பம் எல்லாம் அடங்கிவிடும். வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் இருந்த வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றால், அந்த ஊர் அடுத்த முறை வரைபடத்தையே நம்பாது. எச்சரிக்கையையும் நம்பாது.

கடல்மட்டம் உயர்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகின் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டுக் காலநிலை அறிவியல் குழுவின் ஆறாவது மதிப்பீடு சொல்வது இது. 2100-க்குள் குறைந்த வெளியேற்றத்தில் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை, மிக அதிக வெளியேற்றத்தில் 63 முதல் 101 சென்டிமீட்டர் வரை உயரலாம். அரை மீட்டரை அளக்க இரண்டு மீட்டர் தவறும் அளவுகோலைப் பயன்படுத்தினால் வரும் விடைக்கு என்ன மதிப்பு? நம் நாட்டின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவான உயரத் தரவும் உண்டு. அதையும் தரையில் சரிபார்க்காமல் வீட்டு வாசல் வரை கொண்டுபோக முடியாது. 2022-இல் வந்த தேசியப் புவிவெளிக் கொள்கை, 2030-க்குள் சமவெளிப் பகுதிகளுக்கு 25 சென்டிமீட்டர் அளவிலான உயரத் தரவு வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்கு. அது முதலில் கடற்கரைக்கு வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

இங்கே சுனாமியைத் தொடாமல் பேச முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் மாவட்டத்திலும் நூற்றுக்கணக்கானோரை இழந்தோம். அதை அடுத்து, பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 கடலோரச் சிற்றூர்களை ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அலையாத்திக் காடும் மரங்களும் இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று எழுதினார்கள். பிச்சாவரத்து அலையாத்திக் காடு காப்பாற்றியது என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், கடலுக்கு மேல் எவ்வளவு உயரம் என்ற இரண்டுமே ஊருக்கு ஊர் இருந்த வேறுபாட்டில் மிகப் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, தாவரத்தின் பங்கு சொற்பம் என்றார்கள். தாவரம் அதிகமிருந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேடாகவும் இருந்தன என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

அலையாத்திக் காட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. மண்ணைப் பிடித்து வைக்கிறது, மீனையும் இறாலையும் வளர்க்கிறது, அன்றாட அலையின் வேகத்தைக் குறைக்கிறது. காக்கப்பட வேண்டிய காடு அது. ஆனால் மரம் நட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று ஒரு தாழ்வான ஊரிடம் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. உயரம் என்ற எண்ணைப் பார்க்காமல் அப்படிச் சொன்னால் அது உயிரோடு விளையாடுவது.

கடலோர வெள்ளம் என்று சொன்னால் நாம் எல்லோரும் கடலைப் பார்க்கிறோம். அறிக்கைகளும் அப்படித்தான் தொடங்குகின்றன. தாழங்குடாப் பக்கம் ஒரு அம்மா என்னிடம், "கடலுக்குப் பயந்தது போக, இப்ப பின்னாடி இருந்து வர்ற தண்ணிக்குத்தான் தம்பி பயமா இருக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பெரிய உண்மை இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மயிலத்தில் அதைவிட அதிகம். மேற்கே திருவண்ணாமலை மாவட்டத்திலும் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் விழுப்புரத்தைக் கடந்து தென்பெண்ணை வழியே நம்மிடம் வந்தது. புயல் போய்விட்டது என்று கடற்கரை மூச்சு விட்ட பிறகு, ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. புயல் கடலைக் கரைமேல் தள்ளும் புயலெழுச்சியை மட்டும் கணக்கில் எடுத்த வரைபடம் அன்று நமக்கு ஒன்றும் சொல்லியிருக்காது.

கடலூரின் அமைப்பையே நினைத்துப் பாருங்கள். வடக்கே தென்பெண்ணை, நடுவில் கெடிலம், தெற்கே பரவனாறும் உப்பனாறும், இன்னும் தெற்கே வெள்ளாறு, எல்லையில் கொள்ளிடம். இத்தனை ஆறுகளும் தட்டையான ஒரு கரையில் வந்து முடிகின்றன. ஒவ்வொன்றின் முகத்துவாரத்திலும் மணல் திட்டு வளர்கிறது. மழை வந்தாலும் ஆறு அடைத்துக்கொண்டிருக்கும். வெட்டிவிட்டால் வடியும், வெட்டாவிட்டால் ஊருக்குள் திரும்பும். அதோடு கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஆற்று வெள்ளம் வந்து சேர்ந்தால், வடிய வேண்டிய தண்ணீர் மணிக்கணக்கில் நிற்கும். மழை, ஆறு, கடல் ஏற்றம், புயலெழுச்சி என்ற நான்கும் தனித்தனியாக வந்தால் தாங்கக்கூடிய ஊர், இரண்டு சேர்ந்து வந்தால் தாங்காது. இப்போது ஆய்வாளர்கள் இதைக் கூட்டு வெள்ளம் என்று தனியாகக் கணக்கிடுகிறார்கள். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காக உருவான கடலோர வெள்ள எச்சரிக்கை அமைப்பு இந்த நான்கையும் சேர்த்துத்தான் ஓடுகிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் இன்னும் சில நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது அது. அப்படி ஒன்று கடலூருக்கும் நாகைக்கும் வேண்டாமா? புயலும் ஆறும் இங்கேதான் அதிகம்.

வரைபடம் வரைவதில் ஓர் எளிய வழி உண்டு. மூன்று மீட்டர் தண்ணீர் என்று வைத்து, மூன்று மீட்டருக்குக் கீழே உள்ள நிலம் முழுவதுக்கும் நீல வண்ணம் பூசிவிடுவது. கணினியில் ஒரு நிமிட வேலை. ஆனால் தண்ணீர் அப்படிப் பரவுவதில்லை. வாழையிலையில் ஊற்றிய ரசத்தைப் பார்த்திருக்கிறோம். இலை சாய்ந்த பக்கம் ஓடும், சோற்றை அணைகட்டினால் நிற்கும், ஓர் ஓரம் சிறிது உடைந்தால் அந்த வழியே போய்விடும். நிலத்திலும் அதே கதை. கிழக்குக் கடற்கரைச் சாலையை உயர்த்திப் போட்ட இடத்தில் சாலையே கரையாக நின்றுவிடுகிறது. மேற்கேயிருந்து வரும் மழைநீர் சாலைக்குப் பின்னால் தேங்குகிறது. சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்தின் குழாய் விட்டம் என்ன, அதில் எத்தனை அடைத்துக் கிடக்கிறது என்பது, நூறு கிலோமீட்டர் அகலமுள்ள செயற்கைக்கோள் படத்தைவிட அந்த ஊருக்கு முக்கியம். பக்கிங்ஹாம் கால்வாய் காக்கிநாடாப் பக்கத்திலிருந்து மரக்காணம் வரை கடற்கரைக்கு இணையாக ஓடுகிறது. அது திறந்திருக்கும் இடத்தில் கடல்நீரையும் மழைநீரையும் ஏந்திக்கொள்ளும். தூர்ந்த இடத்தில் வெறும் பெயர். முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி எடுக்கும் தரவில் இவற்றில் பல தெரியவே தெரியாது.

அப்படியானால் செயற்கைக்கோள் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் வானம் மூடிக்கிடக்கும்; சாதாரணப் படம் எடுத்தால் மேகம்தான் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-1, நம் நாட்டின் ஈ.ஓ.எஸ்.-04 போன்றவை ரேடார் கொண்டு மேகத்தைத் துளைத்துப் பார்க்கின்றன. தேங்கிய தண்ணீர் அந்தப் படத்தில் கறுப்பாக விழும். வெள்ளம் வந்த பரப்பை இரண்டொரு நாளில் சொல்லிவிடலாம். நெருக்கமான வீடுகளுக்கு இடையே நிற்கும் தண்ணீரில் மட்டும் அது தடுமாறும். சுவரில் பட்டுத் தெறித்த அலை தண்ணீரை மறைத்துவிடுகிறது. அதோடு செயற்கைக்கோள் வரும் நேரத்துக்குத் தண்ணீர் காத்திருப்பதும் இல்லை. வயலுக்கு அது போதும். தெருவுக்கு மனிதர்தான் வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். நூறாண்டு வெள்ளம் என்று வரைபடங்களில் எழுதுகிறார்கள். கேட்பவர், நூறு வருஷத்துக்கு ஒரு முறைதானே, நம் காலத்தில் வராது என்று எண்ணிக்கொள்கிறார். அதன் கணக்கு வேறு. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். முப்பது ஆண்டு தவணையில் கடன் வாங்கி வீடு கட்டினால், தவணை முடிவதற்குள் அந்த வெள்ளத்தை ஒரு முறையாவது பார்க்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. நாலில் ஒன்றுக்கும் மேல். நாலு வீட்டில் ஒரு வீட்டுக்குத் தீப்பிடிக்கும் என்று சொன்னால் எவரும் சும்மா இருக்க மாட்டோம்.

சரி, தண்ணீர் எங்கே வரும் என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அபாயம் அதோடு முடிவதில்லை. அதே முழங்கால் தண்ணீர் மாடி வீட்டில் ஒரு தொல்லை. குடிசையில் அது வருடத்தின் சேமிப்பை அழிக்கும். வலையும் எஞ்சினும் கரையில் கிடக்கும் மீனவருக்கும், கருவாடு காயவைத்து விற்கும் அம்மாவுக்கும், பிச்சாவரம் கிள்ளைப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் வாழும் இருளர் குடும்பத்துக்கும் இழப்பின் அளவு ஒன்றல்ல. நம் மாவட்டத்தில் கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும்: ஊர் மேட்டில் இருக்கும், காலனி பள்ளத்தில் இருக்கும். அது தற்செயலாக நடந்தது அல்ல. யாருக்கு எந்த நிலம் என்று தலைமுறை தலைமுறையாக முடிவு செய்தவர்கள் விட்டுச்சென்ற உயரக் கணக்கு அது. வெள்ள வரைபடத்தை நேர்மையாக வரைந்தால் சாதியின் வரைபடம் அதன் அடியில் தெரியும். அதை மறைக்கக் கூடாது. நிவாரணத்தையும் புதிய வடிகாலையும் எங்கே முதலில் கொண்டுபோக வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். பட்டா இல்லாதவருக்கு இழப்பீடு கிடைப்பது கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டா இல்லாத நிலம் பெரும்பாலும் தாழ்ந்த நிலம்.

தமிழ்நாடு அரசு, வெள்ளம் தேங்கக்கூடிய இடங்கள் என்று மாநிலம் முழுவதும் 4,133 இடங்களைப் பட்டியலிட்டு, மிக அதிகம் முதல் குறைவு வரை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. வருவாய்த் துறையின் கள அனுபவத்தில் உருவான பட்டியல் அது. பயன் உள்ளது, மதிக்கிறேன். பருவமழைக்கு முன்னால் மணல் மூட்டை எங்கே அடுக்குவது, படகு எங்கே நிறுத்துவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் இடத்தின் பெயர் மட்டும் போதாது. எந்தத் தெருவில் எந்த மட்டத்தில் தண்ணீர் நிற்கும், எந்த வழி முதலில் அடைபடும் என்பது வேண்டும். கர்ப்பிணிப் பெண்ணை வெளியே கொண்டுவர ஆட்டோ எந்தத் தெரு வழியாக வர முடியும் என்பது அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும்.

இனி சொல்லப்போவது பஞ்சாயத்தார்கள் என்னிடம் எப்போதும் கேட்கும் கேள்வி. "வரைபடம் போடுறேன்னு வந்து எங்க ஊரைச் சிவப்புல காட்டிட்டு, அப்புறம் காலி பண்ணச் சொல்வீங்களா?" நியாயமான பயம். சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குடும்பங்களை உள்ளே நகர்த்தும் திட்டம் வந்தது. போனவர்களில் பலர் படகையும் கரையையும் விட்டுத் தொலைவில் போனார்கள். கடலைப் பார்க்காமல் கடல் தொழில் செய்ய முடியாது. காற்று வாடையா, கச்சானா, கொண்டலா என்று வாசலில் நின்று பார்த்துத்தான் படகை இறக்குவார்கள். மீனவர் விட்டுப் போன கரை கரையாகவே இருக்கும் என்ற உறுதி எங்கும் இல்லை. பாதுகாப்பு என்று சொல்லி மீனவரை நகர்த்திவிட்டு அதே இடத்தில் விடுதி கட்டினால் அந்த வரைபடம் யாருக்காக வரையப்பட்டது?

வரைபடம் இருந்தாலும் அது சட்டத்தில் இல்லாமல் போகலாம். 2011-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, இந்தியக் கடற்கரை முழுவதுக்கும் ஓர் அபாயக் கோடு வரையச் சொன்னது. அலை, கடல் ஏற்றம், கடல்மட்ட உயர்வு, கரை அரிப்பு எல்லாவற்றையும் நூறாண்டுக்குக் கணக்கிட்டு வரைய வேண்டிய கோடு. இந்திய நில அளவைத் துறை அதை வரைந்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை அந்தக் கோட்டைக் கட்டுமான ஒழுங்குமுறையிலிருந்து பிரித்துவிட்டது; பேரிடர் மேலாண்மைக்கான கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றது. எங்கே தண்ணீர் வரும் என்று அறிந்த கோடும், எங்கே கட்டலாம் என்று சொல்லும் கோடும் தனித்தனியாக நிற்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன். அளந்து தெரிந்துகொண்ட பிறகு அதைக் கட்டடத்துக்குப் பொருந்தாது என்று சொல்வது, அளக்காமல் இருப்பதைவிட மோசம்.

எண்ணூரை நினைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் கழிமுகமாகக் காட்டப்பட்ட பெரும்பரப்பு, பின்னாளில் தரப்பட்ட வேறொரு வரைபடத்தில் காணவில்லை என்பதை 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டு வந்தார்கள். கொசஸ்தலை ஆற்றின் வெள்ளம் கடலுக்குப் போகும் வழி அந்தக் கழிமுகம். தாளில் நீர்நிலை இல்லையென்றால் அங்கே என்ன வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் மழை தாளைப் படிப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது அந்தக் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து, மீனவர் வலையிலும் படகிலும் வீட்டிலும் படிந்தது.

அதே எண்ணூரிலும் சென்னைக் குப்பங்களிலும் மீனவ இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து, தங்கள் பொது நிலங்களை வரைபடமாக்கி அரசிடம் வைத்திருக்கிறார்கள். படகு ஏற்றும் கரை, வலை உலர்த்தும் இடம், மீன் இறக்கும் இடம் எல்லாம் அதில் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தின் மேல் மக்கள் தங்கள் தெரு மூழ்கியதைக் குறித்தார்கள். டான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் 2015 முதல் பல்கலைக்கழக மாணவர்களும் பகுதிவாசிகளும் சேர்ந்து வடிகால்களையும் வெள்ளம் நின்ற மட்டத்தையும் தெருத் தெருவாகக் குறித்தார்கள். வீட்டு வாசலில் நின்று, போன வருடம் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று கேட்பது அங்கே அளவை முறையின் ஒரு பகுதி.

அதை இங்கே செய்ய முடியும். ரயில் நிலையப் பலகையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவோம். இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் நிறுவியிருக்கும் நிலையான ஜி.பி.எஸ். நிலையங்களின் துணையோடு, ஒரு நல்ல கருவி சில சென்டிமீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லும். கடல்மட்டத்துக்கு மாற்றிய உயரத்தை ஒவ்வொரு கடலோர ஊரின் பள்ளிச் சுவரிலும் ஒரு செப்புக் குமிழாகப் பதிக்கலாம். அங்கிருந்து ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியும் அளவுகோலும் கொண்டு தெருத் தெருவாக உயரத்தைக் கொண்டுபோவது பொறியியல் கல்லூரி மாணவர் செய்யும் வேலை. வாசற்படி, கைப்பம்பு, சிறுபாலத்தின் அடித்தளம், மின்மாற்றி, ரேஷன் கடைத் தரை என்று ஊரார் சொல்லும் இடமெல்லாம் அளக்கலாம். 2015-இல் வந்த தண்ணீர் சுவரில் விட்ட கறை சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2024-இல் வந்ததும் இருக்கிறது. வெள்ளையடிப்பதற்கு முன்னால் அந்தக் கறையின் உயரத்தை எடுத்துவிட வேண்டும். எந்தக் கணினி மாதிரிக்கும் அதைவிடப் பெரிய சான்று கிடையாது.

இப்படி எடுத்த உயரங்களின் நகல் ஒன்று ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் இருக்க வேண்டும், தமிழில், ஊரார் சொல்லும் தெருப் பெயர்களோடு. அதில் தவறு என்று ஒரு பாட்டி சொன்னால் திருத்தப்பட வேண்டும். கிராமசபையில் அதைப் படித்துத் தீர்மானம் போடலாம். புதிய சாலை போட வரும் ஒப்பந்தக்காரரிடம், உங்கள் சாலை மட்டம் எங்கள் படியைவிட எத்தனை சென்டிமீட்டர் உயரம், சிறுபாலம் எத்தனை வைக்கிறீர்கள் என்று எண்ணோடு கேட்கலாம். நகர்த்தும் திட்டம் வந்தால், எங்கே நகர்த்துகிறீர்கள், அந்த இடம் எங்கள் ஊரைவிட உயரமா தாழ்வா என்று அளந்து காட்டச் சொல்லலாம்.

அடுத்த பருவமழைக்கு முன்னால் தேவனாம்பட்டினத்திலிருந்து தொடங்கலாம் என்று சில மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். கருவியைக் கல்லூரி தருகிறது. அளவுகோல் பிடிக்க ஊரிலிருந்து ஆள் வேண்டும். பழைய தண்ணீர் மட்டத்தைக் காட்ட வயதானவர்கள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயரையும் தெருவையும் எழுதிவிட்டுப் போங்கள்.